முதிர்ந்த இயந்திரமும் மாற்று உணரியும்

நோயாளியின் கையைப் பற்றி நாடி பார்க்கும் வைத்தியர், அதன் நடையைக் கொண்டே உள்ளிருக்குங் குற்றத்தை உணர்கின்றார். சுழலும் இயந்திரங்கட்கும் அத்தகைய நாடி ஒன்றுண்டு; அதுவே அதிர்வு. நீராவிச் சுழலி, பெருவிசிறி, நீரிறைக்கும் பம்பு, காற்றமுக்கி முதலிய யாவும் சுழலுங்கால் சிறிதேனும் அதிர்ந்தே தீரும். தண்டு சற்றே வளையினும், எடை ஒருபுறஞ் சாயினும், பேரிங் என வழங்குந் தாங்கி தேயினும் அவ்வதிர்வு மிகும். அதனை இடையறாது உணர்ந்து அறிவிக்குஞ் சிறு கருவிக்கு உணரி என்று பெயர். அஃது அறிவிக்கும் அளவு ஒரு வரம்பைக் கடப்பின் எச்சரிக்கை மணி ஒலிக்கும். அதனினும் மிக்கதொரு வரம்பைக் கடப்பின் இயந்திரம் தானே நின்றுவிடும்.

தமிழ் பயிலும் எமக்கு இப்பொருளில் என்ன உரிமை என நண்பர் சிலர் வினவக்கூடும். எம் தாய்மாமன் ஓர் ஆலையில் அளவைக் கருவிகளைப் பேணும் பணியினர். சென்ற கோடை விடுமுறையில் அவர்தம் இல்லத்திற் தங்கியிருந்தபோது அவர்பாற் கேட்டறிந்தவற்றையும், பின்னர் யாமே நூல்களிற் படித்தறிந்தவற்றையும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

நன்கு செய்யப்பட்ட சுழலி ஒன்று முப்பது நாற்பது ஆண்டுகள் தளராது உழைக்கும். ஆயின், அதனொடு பிறந்த உணரியும் மின்னணுப் பெட்டியும் அத்துணை நெடுங்காலம் கடையிற் கிடைப்பதில்லை. அவற்றைச் செய்தோர் புதுவகை கண்டவுடன் பழையதைச் செய்வதை நிறுத்திவிடுகின்றனர். உடல் வலிதாய் இருப்ப, நாடி பார்க்குங் கருவி மட்டும் கெட்டொழிகின்றது. மாற்று உணரி தேடுவார்க்கு நேரும் இடர் இங்குத்தான் தொடங்குகின்றது.

ஓர் உணரிக்கு இத்துணை ஆரவாரம் வேண்டுமோ எனின், ருசிய நாட்டிலுள்ள சயானோ சுஷென்ஸ்காயா நீர்மின் நிலையத்தில் 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் நிகழ்ந்ததை எண்ணுக. 1979-இல் ஓடத் தொடங்கிய இரண்டாம் சுழலியின் மூடியைப் பிணித்திருந்த மரைகள் களைப்புற்று முறிந்தன. நீர் பொங்கி மண்டபத்தை அழித்தது. 75 பேர் மாண்டனர். அச்சுழலியின் அதிர்வு வரம்பு கடந்திருந்தும் அதனை நிறுத்தினாரிலர் என்று விசாரணை அறிக்கை கூறிற்று. ஆங்கு நேர்ந்தது உணரி கூறியதைக் கேளாமை. யாம் கூறப்புகுவதோ, உணரியே பொய் கூறும்படி நம் கையாலேயே அமைத்துவிடும் பிழை.

உணரிகளுள் ஈண்டு அறிய வேண்டுவன மூன்று. முதலது, காந்தமும் அதனைச் சூழ வில்லில் தொங்குங் கம்பிச் சுருளும் உடையது. தாங்கியின் கூடு அதிருங்கால் இவ்விரண்டிற்கும் இடையே அசைவு தோன்றி மின்னழுத்தம் பிறக்கும். இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டுவதில்லை. ஆயின் அசையும் உறுப்புடைமையின் ஆண்டுகள் செல்லச்செல்ல வில் தளர்ந்து மாளும். இரண்டாவது, அழுத்தப்பட்டால் மின்னூட்டந் தரும் படிகத்தால் ஆயது, அசையும் உறுப்பில்லாதது, தேய்வும் இல்லாதது. ஆனால் உள்ளிருக்கும் மின்னணுக் கூற்றிற்கு வெளிமின்சாரம் இன்றியமையாதது. மூன்றாவது, சுழல் தண்டைத் தொடாது அதனருகே நிற்பது. அதன் நுனியிலுள்ள சுருளில் உயர் அதிர்வெண் மின்னோட்டம் பாய, எதிரேயுள்ள தண்டின் மேற்பரப்பிற் சுழிமின்னோட்டம் எழும். தண்டு நெருங்கவும் விலகவும் சுருள் இழக்கும் ஆற்றல் கூடிக் குறையும். அதனை இடைவெளியின் அளவாக மாற்றி உரைப்பது பெட்டி வடிவான துணைக்கருவி. 1961-இல் அமெரிக்க நாட்டு நெவாடா மாநிலத்து மிண்டன் என்னுஞ் சிற்றூருக்குத் தம் தொழிலைக் கொண்டுசென்ற டொனால்டு பென்ட்லி என்பார் இவ்வுணரியை ஆலைகளில் நிலைபெறச் செய்தவருள் தலையாயவர். பென்ட்லி நெவாடா என்னும் அவர்தம் நிறுவனம் 2002-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் வசமாகிப் பின்னர் பேக்கர் ஹியூஸ் வசமாயிற்று.

இனி, மாமன் கூறிய நிகழ்ச்சியைக் கேண்மின். உலையின் புகையை இழுத்துப் புகைபோக்கிக்குச் செலுத்தும் பெருவிசிறி ஒன்றின் தாங்கியில் முதல்வகை உணரி ஒன்று இருபதாண்டிற்கு மேலாக இருந்து கெட்டது. அவ்வகை கிடைத்திலது. சரக்கறையார் கடைத்தெருவில் விசாரித்து, அதே துளையிற் பொருந்துவதாகிய படிக உணரி ஒன்றை வாங்கிவந்தனர். அதனைப் பூட்டியபோது அளவு சுழியமே காட்டிற்று. மின்சாரம் இன்மையே காரணம் என உணர்ந்து அதற்கொரு மின்வழங்கி அமைத்தனர். உடனே அளவு தோன்றிற்று: வினாடிக்கு 2 மில்லிமீட்டர். “இவ்விசிறி இத்துணை அமைதியாக ஒருநாளும் ஓடியதில்லையே!” என்று அனைவரும் மகிழ்ந்தனராம்.

மாமனுக்கு மட்டும் அம்மகிழ்ச்சி உண்டாகவில்லை. தாங்கியின் கூட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை வேறு கூறிற்று. கையடக்கமான அதிர்வுமானியை வைத்தார். அது வினாடிக்கு 10 மில்லிமீட்டர் காட்டிற்று. விறைத்த அடித்தளத்தின் மேலுள்ள பெரிய இயந்திரங்கட்கு 7.1-ஐக் கடந்த அதிர்வு கேடு விளைக்கத்தக்கது என்பது பன்னாட்டுத் தர அளவை. விசிறியை நிறுத்தித் திறந்தபோது, தாங்கியின் உட்புறத்து மெல்லுலோகப் பூச்சிற் பெரும்பகுதி தேய்ந்தொழிந்திருந்தது.

பிழை யாண்டுளது? பழைய உணரி, வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் அதிர்வுக்கு 20 மில்லிவோல்ட் தருவது. புதியதோ 4 மில்லிவோல்ட் தருவது. 10 மில்லிமீட்டருக்கு அது தந்த 40 மில்லிவோல்டைப் பழைய கணக்கையே அறிந்த காட்டும்பெட்டி இருபதால் வகுத்து 2 என்றது. ஐந்தில் ஒரு பங்கு! மணியும் ஒலிக்கவில்லை, விசிறியும் தானே நிற்கவில்லை. “கெட்ட உணரி ஊமை, மருமகனே, ஊமையென்று தெரிந்தால் நாம் விழிப்பாயிருப்போம். இது பொய்ச்சான்று,” என்றார் மாமன்.

செல்லரித்த ஏட்டில் ஒரு சீர் அழிந்தவிடத்துத் தளை தட்டாத சொல் ஒன்றைப் பெய்துவிட்டால் ஓசை நிரம்பும். பாட்டின் பொருளோ புலவன் கருதாததாய்விடும். துளைக்குப் பொருந்துவதொன்றே கருதி உணரி வாங்குவதும் அத்தகையதே. (ஏடு பரிசோதிக்கும் வகுப்பிலிருந்து நேரே இதற்கு வந்தமையால் இவ்வுவமை எமக்குத் தோன்றிற்று, பொறுத்தருள்க.)

ஆதலின் வாங்கப் புகுவார் முதற்கண் செய்யத்தக்கது, கெட்ட உணரியின் மேற் பொறித்த எண்ணைப் படித்தல். அவ்வெண் பகுபதம் போல்வது. முன்னின்ற எண் பகுதியாய் அதன் குடும்பத்தை உணர்த்தும். பின்வரும் இரண்டிரண்டு இலக்கங்களும் புரியில்லாப் பகுதியின் நீளம், உடலின் நீளம், கம்பியின் நீளம், இணைப்பியின் வகை, பெற்ற சான்றிதழ் என்றிவற்றை முறையே உணர்த்தும். ஓர் இலக்கம் பிறழினும் வேறொரு பொருள் வந்து சேரும். புரியினைக் குறித்தும் எச்சரிக்கை வேண்டும். பழைய அமெரிக்க இயந்திரங்களிற் பல, 3/8 அங்குல விட்டமும் அங்குலத்திற்கு 24 புரியும் உடைய துளை கொண்டவை. 10 மில்லிமீட்டர் மெட்ரிக் புரி பார்வைக்கு ஒத்திருப்பினும் அதனுட் செல்லாது.

சுழிமின்னோட்ட வகையிற் சிக்கல் இன்னும் மிகுதி. ஈண்டு நுனி, நீட்சிக் கம்பி, பெட்டி ஆகிய மூன்றும் சேர்ந்தே ஓர் உணரி. கம்பியும் அலைவுச் சுற்றின் உறுப்பாதலின், அதன் நீளம் 5 மீட்டர், 9 மீட்டர் என வரையறுக்கப்பட்டுள்ளது. மிஞ்சியது என்று கருதி ஒரு முழம் நறுக்கினாரெனில் அளவு பிழைபடும். பென்ட்லி நிறுவனத்தின் 3300 வரிசையில் 5, 8 மில்லிமீட்டர் நுனிகளுக்குரிய பழைய உறுப்புக்களும் பின்வந்த எக்ஸ்.எல். உறுப்புக்களும் தம்முட் கலந்து இயங்கும். அதற்கும் முந்திய 7200 வரிசையின் நுனியோ 3300-இன் பெட்டியோடு இணங்காது. மூன்றையும் ஒருங்கே மாற்றல் வேண்டும். நுனியின் பருமையையும் நோக்குக. 8 மில்லிமீட்டர் நுனி ஒரு மில்லிமீட்டர் இடைவெளி மாற்றத்திற்கு 7.87 வோல்ட் தரும். 11 மில்லிமீட்டர் நுனி அதிற் பாதியே தரும். தண்டின் உலோகமும் கணக்கிற் சேரும். 4140 என்னும் எஃகினைக் கொண்டு அளவு திருத்தப்பட்ட உணரி வேறு உலோகத்தின் முன் வேறு விடை சொல்லும்.

எங்கு வாங்குவது என்பது அடுத்த வினா. முதலிற் செய்தோரின் வழித்தோன்றலான நிறுவனத்தை வினவுதலே நேரிய வழி. அதுவன்றி, அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தார் 1976-இல் முதன்முதல் வெளியிட்ட 670-ஆம் எண் நெறிநூலைத் தழுவி உணரி செய்வோர் பிறரும் உளர். ஹூஸ்டன் நகரத்தைச் சார்ந்த மெட்ரிக்ஸ் போல்வார், பழைய நுனிக்கும் கம்பிக்கும் ஏற்பக் கணினி வழியே அமைத்துக்கொள்ளத்தக்க பெட்டிகளைச் செய்கின்றனர். பயன்படுத்தாது கிடந்த பழஞ்சரக்கும் கிடைக்கும். விலை மலிவாயிருப்பினும், போலியும் ஈரம் புக்க கம்பியும் அதனிடையே கலந்திருக்கும். வெடிக்கத்தக்க வளி சூழ்ந்த இடத்திற்கு வாங்குவதாயின், அதற்குரிய சான்றிதழ் இல்லாததைத் தொடலாகாது.

எவ்விடத்து வாங்கினும் சோதியாது பூட்டலாகாது. சோதனையும் அரியதன்று. நுண்ணளவித் திருகு பூட்டிய எஃகு வில்லை ஒன்றின் முன் 8 மில்லிமீட்டர் நுனியை நிறுத்தி, இடைவெளியைக் கால் மில்லிமீட்டராகக் கூட்டிக்கொண்டே சென்று வோல்டைக் குறித்தல் வேண்டும். படிக்கு ஏறத்தாழ 2 வோல்ட் என ஒரே சீராய் ஏறுமாயின் உணரி மெய் கூறுகின்றது. அரைமணியில் முடியும் இவ்வேலையை அவசரத்தில் விட்டுவிடுவோரே பலர் என்று மாமன் வருந்தினார்.

ஓர் ஆலையில் ஒரே வகையான இயந்திரங்கள் நான்கிருப்பின், ஒன்றன் உணரி கெட்டபோது அவ்வியந்திரம் முழுதையும் புதுவகைக்கு மாற்றி, கழற்றிய நல்லனவற்றை ஏனை மூன்றிற்கும் சேமித்து வைத்தல் அவர் கைக்கொள்ளும் முறை. அவர்தம் மேசையடியில் உள்ள தகரப்பெட்டியை எமக்குத் திறந்து காட்டினார். அதனுள் துணி சுற்றிய பழைய 7200 வரிசை நுனிகள் ஆறு இருந்தன; ஒவ்வொன்றன் கழுத்திலும் ஓர் அட்டை; அட்டையிற் சோதித்த நாளும், படிதோறுங் கண்ட வோல்டும், அவர் கையெழுத்தும்.