அசையாமல் நிற்கிறீர்களா? தனுஷ்கோடியில் நின்று சொல்லுங்கள்!

அரிச்சல்முனையில் கடலைப் பார்த்தபடி ஆடாமல் அசையாமல் நிற்கிறீர்கள். ஆனால் பூமியின் தற்சுழற்சியில் மணிக்கு 1,600 கி.மீ.க்கு மேல் கிழக்கே பறந்துகொண்டிருக்கிறீர்கள், தெரியுமா?

அது மட்டுமா! சூரியனைச் சுற்றும் பூமியின் வேகம் விநாடிக்கு 30 கி.மீ. எதிரே இலங்கையின் தலைமன்னாரும் ஏறக்குறைய அதே தூரம்தான். 1964 புயலுக்கு முன்பு கப்பலில் மணிக்கணக்கில் கடந்த தூரத்தை, பூமி உங்களைச் சுமந்துகொண்டு ஒரே விநாடியில் தாண்டிவிடுகிறது!

பிறகு ஏன் தலை சுற்றவில்லை? அலையில்லாத கடலில் சீராக ஓடும் விசைப்படகில் கைநழுவும் ஈயக்குண்டு நேரே காலடியில்தான் விழும், பின்தங்காது. படகு ஓடுகிறதா, நிற்கிறதா என்று உள்ளே செய்யும் எந்தச் சோதனையும் காட்டிக்கொடுக்காது. கப்பலை வைத்தே இதை 1632-இல் விளக்கிவிட்டார் கலிலியோ!

பாம்பனுக்கு வாருங்கள். ரயில் பாலம், பக்கத்திலேயே சாலைப் பாலம். ரயிலும் பஸ்ஸும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போனால், ஜன்னல் வழியே பார்ப்பவருக்குப் பஸ் அசையவே அசையாது! 75 கி.மீ. வேக ரயிலில் முன்நோக்கி 20 கி.மீ. வேகத்தில் பந்தை எறிந்தால், கரையில் நிற்பவருக்கு அது 95.

அதே ரயிலின் முகப்பு விளக்கு ஒளி? கூட்டவே முடியாது! ரயிலில் இருப்பவர் அளந்தாலும் கரையில் இருப்பவர் அளந்தாலும், வெற்றிடத்தில் ஒளிக்கு விநாடிக்கு 2,99,792 கி.மீ.தான். பூமியின் ஓட்டத்தால் ஒளியின் வேகம் மாறுகிறதா என்று 1887-இல் மைக்கல்சனும் மோர்லியும் துருவிப் பார்த்து வெறுங்கையோடு திரும்பினார்கள். ஒளி விட்டுக்கொடுக்காது, காலம்தான் விட்டுக்கொடுக்கும் என்றார் 1905-இல் ஐன்ஸ்டைன். அப்போது அவருக்கு வயது 26!

2 கி.மீ. பாம்பன் பாலத்தை 7 மைக்ரோ விநாடியில் தாண்டும் ஒளி, சூரியனிலிருந்து வர 8 நிமிடத்துக்கு மேல் எடுக்கிறது. 2010 ஜனவரி 15 அன்று தனுஷ்கோடியில் வளையச் சூரிய கிரகணம் 10 நிமிடம் நீடித்தது. வளையம் தோன்றிய கணத்தில் சூரியனை விட்டுக் கிளம்பிய ஒளி இங்கே வந்து சேர்ந்தபோதும் வளையம் கலையவில்லை!

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்கிறீர்களா? ராமேஸ்வரம் படகுகளில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவியைப் பாருங்கள். செயற்கைக்கோளின் கடிகாரம், அதன் வேகத்தால் நாளுக்கு 7 மைக்ரோ விநாடி பின்தங்குகிறது. அந்த உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் 45 முந்துகிறது. நிகரமாக 38 முந்தல். அந்த 38 மைக்ரோ விநாடிக்குள் ஒளி 11 கி.மீ. ஓடிவிடும்! அந்தப் பிசகோடு கச்சத்தீவுப் பக்கம் இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோட்டைத் தேடினால் என்ன ஆகும்? அதனால்தான் அந்தக் கடிகாரங்களை மெதுவாக ஓடும்படி திருத்தியே மேலே அனுப்புகிறார்கள். இங்கே எல்லை தெரிந்து வலை வீசுவதற்கும் ஐன்ஸ்டைன் கணக்கு வேண்டியிருக்கிறது!