உங்களுக்குத் தெரியுமா? ஓடை புளித்தால் மீன் என்ன ஆகும்?

● சுரங்கத்து ஓடையில் யாரும் அமிலத்தைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. நிலக்கரியோடும் செம்போடும் புதைந்து கிடக்கும் பைரைட் என்ற தாது, பொன்னைப் போல மின்னி ஆளை ஏமாற்றுவது, காற்றும் நீரும் பட்டால் போதும், கந்தக அமிலத்தைக் கசியவிடும். அந்தத் தாதுவிலிருந்தே பிழைக்கும் நுண்ணுயிரிகள் வேலையைப் பல மடங்கு விரைவாக்கும். சுரங்கத்தைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாலும் கசிவு நிற்காது.

● கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்துக்குள் எடுத்த நீரின் பி.எச். அளவு மைனஸ் 3.6! பள்ளியில் படித்த 0 முதல் 14 வரை என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது. பி.எச். ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

● அமிலம் மீனைச் சுட்டுக் கொல்கிறது என்றுதான் நினைப்போம். உண்மையில் மீன் சாவது உப்பு இழந்து. நன்னீர் மீனின் ரத்தத்தில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு அதிகம். ஓயாமல் வெளியே கசியும் சோடியத்தைச் செவுள்கள் ஓயாமல் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். நீர் புளித்ததும் இழுப்பது தடைபடும், கசிவது கூடும். ரத்தம் கெட்டியாகி, கடைசியில் இதயம் அதைத் தள்ள முடியாமல் ஓய்ந்துபோகும். நீரில் கால்சியம் இருந்தால் கசிவு குறையும். அதனால்தான் ஒரே அளவு அமிலத்தில் சுண்ணாம்புப் பாறை நாட்டு மீன் தாக்குப்பிடிக்க, கருங்கல் நாட்டு மீன் செத்து மிதக்கிறது.

● களிமண்ணில் கட்டுண்டு கிடக்கும் அலுமினியத்தால் மீனுக்குத் தொல்லையில்லை. அமிலம் அதைக் கரைத்து ஓடைக்குள் விட்டால் அது செவுளில் படியும். செவுள் கோழையைச் சுரந்து தன்னையே அடைத்துக்கொள்ளும். ஆக்ஸிஜன் நிறைந்த நீரிலேயே மீனுக்கு மூச்சு முட்டும்.

● இதிலும் ஒரு விபரீதம் உண்டு. புளித்த ஓடை நல்ல ஆற்றில் கலந்தால் நஞ்சு நீர்த்துப்போகும் என்றுதானே எதிர்பார்ப்போம்? கலக்கும் இடத்தில் பி.எச். உயர்ந்ததும் கரைந்திருந்த அலுமினியம் திரளத் தொடங்குகிறது. அப்படித் திரளும் நேரத்தில்தான் அது செவுளில் அதிகம் ஒட்டும். ஓடையைவிடக் கூடுதுறையே மீனுக்குப் பொல்லாத இடமாகிவிடும்.

● சுரங்க நீரோடு கரைந்து வரும் செம்பு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே சால்மன் குஞ்சின் மோப்பம் மங்கிவிடும். காயம்பட்ட மீனின் தோலிலிருந்து வரும் வாடைதான் மற்ற மீன்களுக்கு அபாயச் சங்கு. செம்பு நீரில் சில மணி நேரம் இருந்த குஞ்சுக்கு அது எட்டாது. எதிரி வரும்போதும் தன்பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும்.

● கனடாவின் ஒன்டாரியோவில், 223 என்ற எண்ணைத் தவிர வேறு பெயரில்லாத ஓர் ஏரியில் 1976 முதல் விஞ்ஞானிகளே வேண்டுமென்று கந்தக அமிலம் ஊற்றினார்கள். டேவிட் ஷிண்ட்லர் குழு பார்த்தது இது: பெரிய டிரவுட் மீன்கள் அமிலத்தில் சாகவில்லை, பட்டினியில் வற்றின. அவை தின்னும் சிறு மீனும் இறாலினமும் முன்பே அற்றுப்போயிருந்தன.

● மேகாலயாவின் லூகா ஆறு குளிர்காலத்தில் கண்ணைப் பறிக்கும் நீலமாக ஓடும். படமெடுக்க அருமையான இடம், மீன்தான் இல்லை. ஜைந்தியா மலையின் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து அமில நீர் வந்து சேரும் ஆறு அது. எலி வளை போலக் குடைந்த அந்தச் சுரங்கங்களுக்கு 2014-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. அண்டையில் ஓடும் கோப்பிலி ஆற்றின் புளித்த நீர், நீர்மின் நிலைய இயந்திரங்களின் இரும்பையே அரித்திருக்கிறது. செவுள் எந்த மூலைக்கு!

● ஜப்பானின் மிக ஆழமான ஏரி தசாவா. ‘குனிமாசு’ என்ற சால்மன் இனம் உலகிலேயே அங்கு மட்டும்தான் வாழ்ந்தது. 1940-இல் மின்சாரத்துக்கும் பாசனத்துக்குமாக, வெந்நீர் ஊற்றின் அமிலம் கலந்த தாமா ஆற்றை ஏரிக்குள் திருப்பினார்கள். சில ஆண்டுகளில் குனிமாசு பூண்டோடு போயிற்று, அல்லது போனதாக எண்ணினார்கள். 2010-இல், பெட்டிமீன் உருவத் தொப்பியோடு தொலைக்காட்சியில் தோன்றும் மீன் ஓவியர் சகானாகுன், குனிமாசுவை வரைவதற்கு மாதிரியாக ஃபூஜி மலையடிவாரத்துச் சாய் ஏரியிலிருந்து அதன் உறவு மீனை வரவழைத்தார். வந்த மீன் கறுத்திருந்தது. பரிசோதித்தால், சாட்சாத் குனிமாசு! 1935-இல் அந்த ஏரிக்கு அனுப்பிய முட்டைகளின் வம்சம். உள்ளூர்க்காரர்கள் அதுவரை அதைக் ‘கறுப்பு மாசு’ என்று சொல்லிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மீன் ஆய்வாளருமான பேரரசர் அகிஹிதோ அவ்வாண்டுப் பிறந்தநாள் உரையில் இதை மகிழ்ச்சியோடு குறிப்பிட்டார்.

● அதே ஜப்பானில், ஒசோரே மலையின் எரிமலை ஏரியில் பி.எச். ஏறக்குறைய 3.5. அதிலும் ‘உகுய்’ என்ற கெண்டை வகை மீன் கூசாமல் வாழ்கிறது. அதன் செவுள் செல்களே அமிலத்தைச் சமாளிக்கும்படி மாறியிருக்கின்றன. ஆனால் முட்டையிடும் பருவம் வந்தால், ஏரியில் விழும் நல்ல தண்ணீர் ஓடையைத் தேடி ஏறிப் போய்விடும்.