வன்னிச் சில்லுகள் – 9: ரியூப் கட்டும் பெல்ட் கட்டும்

சென்ற வாரம் சைக்கிள் சுமந்த சுமைகளைப் பார்த்தோம். இந்த வாரம் சைக்கிளே சுமையாகிறது.

சைக்கிளை இன்னொரு வாகனத்தில் ஏற்றிப் போவது வன்னிக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வந்தவர்கள் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டே வந்தார்கள். பெற்றோலுக்கும் டீசலுக்கும் தடை இருந்த காலத்தில், கரையில் இறங்கியதும் சைக்கிள்தான் கால். 2008இல் கிளிநொச்சியை விட்டுச் சனம் கிழக்கே நகர்ந்தபோது, உழவு இயந்திரப் பெட்டிக்குள் நெல் மூட்டையும் கூரைத் தகரமும் இருந்தன. சைக்கிள் வெளியே பெட்டியின் கம்பியில் தொங்கியது. அதைத் தொங்க வைத்தது பெரும்பாலும் ஒரு பழைய ரியூப்தான்.

ரியூப்பில் நம் ஆட்களுக்கு இருக்கும் நம்பிக்கை சும்மா வந்ததல்ல. நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டிய மூட்டை, வழியில் ஒரு விரலளவு அமர்ந்தாலும் கட்டுத் தளர்ந்துவிடும். இழுத்துச் சுற்றிய ரியூப், சுமை அமரும்போது தானும் சுருங்கி அதைப் பிடித்துக்கொள்ளும். கரியரில் விறகு கட்டியவருக்கும் மீன்பெட்டி கட்டியவருக்கும் இது கைப்பழக்கம். அதனால்தான் காரின் பின்னால் சைக்கிள் கட்ட வேண்டிய இன்றும், "ரெண்டு சுத்து ரியூப் போட்டாக் காணும் தம்பி" என்று சொல்ல எந்தக் கடை வாசலிலும் ஒருவர் இருப்பார்.

காணாது. கரியரில் சுமை கட்டியவர் மணிக்கு 15 கிலோமீற்றரில் மிதித்தார். ஏ9 வீதியில் கார் 60இல் போகிறது. வேகம் நாலு மடங்கானால் காற்றின் தள்ளுதல் பதினாறு மடங்காகும். அதோடு, சுமை அமரும்போது சுருங்கிப் பிடிக்கும் அதே ரியூப், பள்ளத்தில் சில்லு விழும்போது நீண்டும் கொடுக்கும். நீளும் பொருளில் பாரத்தைத் தொங்கவிட்டால் சைக்கிள் துள்ளும். ஒவ்வொரு துள்ளலும் கட்டை இன்னும் கொஞ்சம் நெகிழ்த்தும். பாரத்தைத் தாங்க நீளாத பெல்ட், ஆட்டத்தை அடக்க ரியூப். இந்த வேலைப் பங்கீடு பிடிபட்டால் மிச்சமெல்லாம் எளிது.

2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற நாட்களில் சைக்கிளின் விலையும் மதிப்பும் ஒன்றாக ஏறின. இன்று வவுனியாவில் வாங்கிய சைக்கிளைப் புதுக்குடியிருப்புக்குக் கொண்டுபோவோர், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடுப்போர், விடுமுறைக்கு வந்து ஊர் சுற்ற நினைக்கும் வெளிநாட்டு உறவினர் எனக் காரின் பின்னால் சைக்கிள் தாங்கி பூட்டுவோர் பலவகை.

நம் வீதிகளில் ஓடுபவை பெரும்பாலும் பின்கதவு மேலே திறக்கும் சிறிய கார்கள். இழுவைக் கொக்கி இல்லாத இவற்றுக்குப் பெல்ட்டால் பூட்டும் தாங்கிதான் வசதி. அதில் முதலில் பார்க்க வேண்டியது எடை. இவ்வகைத் தாங்கிகள் பலவற்றில் ஒரு சைக்கிளுக்கு 15 கிலோ என்றே எழுதியிருக்கும். ஸ்ராண்ட், கரியர், மட்காட் எல்லாம் பூட்டிய நம்மூர்ப் பெரிய சைக்கிள் 20 கிலோவைத் தொடும். மூன்று சைக்கிள் தாங்கி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் இப்படியானவை இரண்டோடு நிறுத்துவது நல்லது.

அடுத்தது கொளுக்கி. மேல் கொளுக்கிகள் பின்கதவின் உலோக விளிம்பில் பிடிக்க வேண்டும். கண்ணாடி விளிம்பிலோ, மேலே நீட்டி நிற்கும் பிளாஸ்ரிக் இறக்கையிலோ மாட்டினால் உடையும். கீழ்க் கொளுக்கிகளும் பம்பரின் பிளாஸ்ரிக்கை விட்டு உள்ளே இருக்கும் இரும்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். தாங்கியின் பஞ்சுத் திண்டுகள் படும் இடத்தை முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். கிரவல் புழுதி இடையில் இருந்தால் பெயின்ற் போய்விடும். மேல் பெல்ட், கீழ் பெல்ட், பக்கப் பெல்ட் என்று மாறிமாறி இறுக்கிய பின் தாங்கியைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். காரும் சேர்ந்து ஆடினால் கட்டுச் சரி. தாங்கி மட்டும் ஆடினால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். எஞ்சிய பெல்ட் நுனியை முடிந்துவிட வேண்டும். காற்றில் படபடத்தே அது பிடியை நெகிழ்த்தும்.

பாரமான சைக்கிள் காரோடு ஒட்டி முதலில் ஏற வேண்டும். ஒன்றின் ஹாண்டில் இடப்பக்கம் என்றால் மற்றதன் ஹாண்டில் வலப்பக்கம். பெடல் காரின் உடம்பில் குத்தாதபடி திருப்பி வையுங்கள். கூடை, தண்ணீர்ப் போத்தல், பம்ப் எல்லாம் கழற்றிக் காருக்குள் போகட்டும். பெண்கள் ஓட்டும் சைக்கிளில் மேல் பார் இல்லாததால் அது தாங்கியில் சரிந்து நிற்கும், சில்லு தரையை நோக்கி இறங்கும். சீற் தண்டிலிருந்து ஹாண்டில் தண்டுவரை ஓர் இரும்புக் குழாயைக் குறுக்கே வைத்து, வழுக்காதபடி பெல்ட்டால் இறுக்கினால் அதுவே பாராகும். இதற்கென்றே செய்த பாரும் விற்பனைக்கு உண்டு.

ரியூப்புக்கு வேலை வருவது இப்போதுதான். முன்சில்லையும் சைக்கிளின் சட்டத்தையும் சேர்த்து ரியூப்பால் சுற்றுங்கள். சில்லு திரும்பி அடிக்காது. இரண்டு சைக்கிளும் உரசும் இடங்களில் ஒரு சுற்றுச் சுற்றினால் பெயின்ற் தப்பும். கடைசியாக ஒரு சங்கிலிப் பூட்டை இரண்டு சட்டங்களுக்குள்ளும் தாங்கிக்குள்ளும் கொடுத்துப் பூட்டிவிடுங்கள். கள்ளனுக்கு மட்டுமல்ல, சைக்கிளைத் தாங்கியோடு பிடிக்கும் பெல்ட் விட்டுப்போனாலும் சைக்கிள் வீதியில் விழுந்து பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரைச் சாய்க்காமல் அது பிடிக்கும்.

சைலன்சர் வாயை மறக்கக் கூடாது. தாழத் தொங்கும் ரயர் அதற்கு நேரே வந்தால், சூட்டில் ரயரும் ரியூப்பும் இளகிவிடும். சில்லு காரின் அகலத்துக்கு வெளியே நீட்டுகிறதா, நம்பர் பிளேற்றும் பின் விளக்குகளும் மறைகின்றனவா என்று பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள். மறைத்தால் பொலிஸுக்கும் பதில் சொல்ல வேண்டும். இருட்டில் பின்னால் வருபவருக்கு நீங்கள் பிரேக் பிடிப்பதும் தெரியாது. முடிந்தவரை பகலில் போய்ச் சேருங்கள்.

புதிதாகக் கட்டிய பெல்ட் முதல் சில கிலோமீற்றரிலேயே தளரும். வவுனியாவிலிருந்து வடக்கே போனால் ஓமந்தையில் நிறுத்திப் பார்க்கலாம். 2015இல் சோதனைச் சாவடி எடுக்கப்படும்வரை, கட்டியதை அவிழ்த்துக் காட்டுவதற்காக நாம் இறங்கிய இடம் அது. இன்று கட்டை இறுக்குவதற்காக நாமாக இறங்கலாம். அடுத்தது முறிகண்டி. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்க எந்த வாகனமும் அங்கே நிற்கும். அந்த ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு பெல்ட்டையும் கையால் இழுத்துப் பார்த்துவிடலாம். ஏ9 வீதியை விட்டுக் கிரவல் ஒழுங்கைக்குள் இறங்கும் முன் இன்னொரு முறை பாருங்கள். அங்கே 20க்கு மேல் ஓட வேண்டாம். பின்னால் எடுக்கும்போது ஒருவரை இறக்கிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கார் இப்போது வழக்கத்தைவிட இரண்டு முழம் நீளம்.

(அடுத்த வாரம்: ரயிலில் பொதியாகப் போகும் சைக்கிள்)