மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள்!

முலாம் பூசும் பட்டறைக்குள் நுழைந்தால் தொட்டிகள் வரிசையாக நிற்கும். ஒன்றில் பொருளைச் சுத்தம் செய்யும் ஆசிட். அடுத்ததில் அலசும் தண்ணீர். அதற்கடுத்து முலாம் கரைசல். அந்தக் கரைசலில் பல இடங்களில் சயனைடு உப்பு இருக்கும். நடுத்தொட்டியில் சரியாக அலசாமல் ஆசிட் சொட்டச் சொட்ட அதில் இறக்கினால், ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். அளவு கூடினால் சில நிமிடங்களில் ஆள் சாய்ந்துவிடுவார்.

சயனைடு என்றாலே 'இனி பிழைக்க மாட்டார்' என்று கைவிட்டுவிடுகிறோம். அது தவறு. இதற்கு மாற்று மருந்து உண்டு. அது கிடைக்கும்வரை உயிரைப் பிடித்து வைப்பது பக்கத்தில் வேலை செய்பவரின் கையில்தான் இருக்கிறது.

இந்த விஷம் ஏறியவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும். செல்களால் அதைப் பயன்படுத்த முடியாது. தலைவலி, தலைச்சுற்றல், மூச்சுத் திணறல், பிறகு வலிப்பு, மயக்கம் என்று வேகமாக முற்றும். கசப்பு பாதாம் வாசனை வரும் என்பார்கள். அந்த வாசனை எல்லோருடைய மூக்குக்கும் தெரியாது.

என்ன செய்ய வேண்டும்?

விழுந்தவரைப் பார்த்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடத் தோன்றும். ஓடினால் நீங்களும் அவர் பக்கத்திலேயே விழுவீர்கள். மூக்கில் கட்டிய துண்டு இந்த வாயுவைத் தடுக்காது. காற்றுச் சிலிண்டருடன் கூடிய சுவாசக் கருவி அணிந்தவர் மட்டுமே உள்ளே போய் அவரை வெளியே கொண்டுவர வேண்டும்.

உடனே 108-ஐ அழைத்து, 'சயனைடு' என்று தெளிவாகச் சொல்லுங்கள். கையுறை அணிந்து, நனைந்த உடைகளைக் களைந்து, உடம்பில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மூச்சு இருந்தால் முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுங்கள். மூச்சு நின்றிருந்தால் கையால் அழுத்தும் சுவாசப் பை. இதயம் நின்றிருந்தால் மார்பை அழுத்த வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதக் கூடாது. விஷம் உங்களுக்கும் ஏறும். சயனைடை விழுங்கியவராக இருந்தால், அவருக்குப் புளிக்கரைசலோ உப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

மருத்துவமனையில் ஹைட்ராக்சோகோபாலமின் என்ற மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். பெரியவர்களுக்கு முதல் அளவு 5 கிராம். அது சயனைடைப் பிடித்து வைட்டமின் பி12 ஆக மாற்றி, சிறுநீரில் வெளியேற்றிவிடும். சோடியம் தயோசல்பேட்டும் கொடுப்பது உண்டு.

பட்டறை முதலாளிகளே, அருகிலுள்ள எந்த மருத்துவமனையில் இந்த மருந்துகள் இருக்கின்றன என்று இன்றே கேட்டு, சுவரில் எழுதி வையுங்கள். நாளை காலை கதவைத் திறந்ததும், ஆக்சிஜன் சிலிண்டரின் அழுத்தமானி முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது பூஜ்யத்தில் நின்றால், அன்று எந்தத் தொட்டியிலும் கை வைக்க வேண்டாம்.