பதினான்கு புள்ளிகள்

கிறிஸ்துவின் உடலைப் பற்றிக் கொரிந்து நகர மக்களுக்கு எழுதிய புனித பவுல், வலுக்குறைந்தவையாய்த் தோன்றும் உறுப்புகளே இன்றியமையாதவை என்கிறார் (1 கொரி 12:22). இதனை நாம் ஓர் ஆறுதல் மொழியாகவே கேட்டுப் பழகிவிட்டோம். இதையே சட்டமாகக் கொண்ட விளையாட்டொன்று உண்டு.

சக்கர நாற்காலிக் கூடைப்பந்தாட்டத்தில் ஒவ்வொருவருக்கும் உடலியக்கத்துக்கு ஏற்ப 1.0 முதல் 4.5 வரை புள்ளி வழங்கப்படும். நாற்காலியின் துணையின்றி உடலை நிமிர்த்திச் சமநிலைப்படுத்த இயலாதவருக்கு 1.0, மிகக் குறைந்த பாதிப்புடையவருக்கு 4.5. சர்வதேசப் போட்டிகளில், களத்தில் நிற்கும் (இச்சொல்லும் நம் பழக்கதோஷமே!) ஐவரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டலாகாது. வலியவர் ஐவரையே இறக்கினால் 22.5 ஆகிவிடும். ஆகவே குறைந்த புள்ளி உடையவரை அணி அழைப்பது இரக்கத்தினால் அன்று, தேவையினால். அவர் தம் நாற்காலியால் எதிரணியினரை மறித்து, தம் தோழர் கூடையை நெருங்க வழிதிறக்கிறார். கூடையோ எவருக்காகவும் தாழ்த்தப்படுவதில்லை, அதே 3.05 மீற்றர் உயரந்தான்.

அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ஸ்டெபனி வீலர், ஆறு வயதில் வாகன விபத்தொன்றில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டார். ஆறு வயதுப் பிள்ளைக்காக ஒரு குடும்பம் எதை மன்றாடும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடக்கும் வரம் கிடைக்கவில்லை. எனினும் இலினோய் பல்கலைக்கழக அணியில் விளையாடிய அவர், 2004இல் ஏதென்சிலும் 2008இல் பீஜிங்கிலும் நடைபெற்ற பராலிம்பிக் போட்டிகளில் தம் நாட்டுக்காகத் தங்கம் வென்றார். பின்னர் அதே பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குப் பயிற்றுநரானார். 2012இல் லண்டனில் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்ட அமெரிக்கப் பெண்கள் அணி, 2016இல் றியோவில் இவரது பயிற்றுவிப்பின்கீழ் ஜேர்மனியை வென்று மீண்டும் தங்கம் பெற்றது.

விளையாடுபவர் தம் ஆட்டத்தைக் கவனித்தாற் போதும். பயிற்றுநரோ ஒருவரை மாற்றும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பதினான்கைக் கூட்டிப் பார்த்தாக வேண்டும். யாரை விலக்கினால் யாருக்கு இடமில்லாமற் போகும் என்று அறிந்திருக்க வேண்டும்.

நம் பங்கிலோ, சக்கர நாற்காலியில் வருபவரை ஓரமாய் இருத்தி, நற்கருணையை அவரிடம் கொண்டுசென்று கொடுத்ததும் கடமை நிறைவேறிற்று என எண்ணுகின்றோம். முதல் வாசகத்தை வாசிக்கும்படி அவரை என்றாவது கேட்டதுண்டா? கேட்டாலும் அவர் எவ்வழியே செல்வார்? வரும் ஞாயிறு திருப்பலிக்குச் செல்லும்போது, வாசகமேடைக்கு எத்தனை படிகள் என்று எண்ணிப் பாருங்கள்.