பெயர் தெரியாத ஒலிபெருக்கியை எடைபோடுவது எப்படி?

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தூத்துக்குடி வணிகர்கள் முத்தை எப்படி மதிப்பிட்டார்கள் தெரியுமா? துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்துப் பருமன் வாரியாகப் பிரித்தார்கள். பிறகு எடை, நிறம், உருண்டை வடிவம் ஆகியவற்றைப் பார்த்தார்கள். முத்தின் மேல் பெயரும் விலையும் எழுதியிருக்காது அல்லவா?

பழைய கணினியோடு வந்த, தயாரித்தவர் பெயரே தெரியாத ஒலிபெருக்கியையும் இப்படித்தான் சோதித்து அறியவேண்டும். ஏனெனில் அதன் மேல் எழுதியிருப்பதை அப்படியே நம்ப முடியாது.

ஒரு பெட்டியில் ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு மின்சாரம் தரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 9 வோல்ட், 800 மில்லி ஆம்பியர் என்று இருந்தால், 9 × 0.8 = 7.2 வாட். உள்ளே தொடர்ந்து செல்வதே 7.2 வாட் என்றால், 1000 வாட் தொடர்ந்து வெளியே வருவது எப்படி? ஆற்றலை ஆக்க முடியாது என்று நீங்கள் படித்திருக்கிறீர்களே! பி.எம்.பி.ஓ. என்பது கணநேர உச்சத்தைக் குறிப்பதாகச் சொல்லப்படும் எண். அதை அளக்கப் பொதுவான முறை கிடையாது. உள்ளே செல்லும் 7.2 வாட்டிலும் ஒரு பகுதி வெப்பமாகிவிடும். மீதியை இரு பெட்டிகளும் பங்கிட்டுக்கொள்ளும். ‘ஆர்.எம்.எஸ்.’ என்று குறித்த வாட் அளவே ஒப்பிடத் தக்கது.

அடுத்து, ஒலிபெருக்கியின் பின்புறம். காந்தத்தின் மேல் இரும்புக் கிண்ணம் மூடியிருந்தால், அது பெரும்பாலும் படக்குழாய்த் திரை இருந்த காலத்தது. காந்தப்புலம் எலெக்ட்ரான் கற்றையை வளைத்துத் திரையின் நிறங்களைக் கெடுக்கும் என்பதால் இந்தக் காப்பு. மின்சுற்றில் உள்ள சில்லின் எண்ணும் நல்ல அடையாளம். டி.டி.ஏ. 2822 என்றால் ஓரிரு வாட் தரும் சிறிய பெருக்கி, டி.டி.ஏ. 2030 என்றால் அதைவிட வலியது.

இனி உடல்நிலைச் சோதனை. சுற்றிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கியின் முனைகளில் 1.5 வோல்ட் மின்கலத்தை ஒரு கணம் மட்டும் தொடுங்கள். ‘டிக்’ என்ற ஒலியுடன் கூம்பு அசைந்தால் கம்பிச்சுருள் அறுபடவில்லை. மல்டிமீட்டரில் பார்த்தால், 8 ஓம் ஒலிபெருக்கி 6 முதல் 7 ஓம் வரைதான் காட்டும். அது பழுதன்று, 8 ஓம் என்பது மாறுமின்னோட்டத்துக்கான மின்மறிப்பு, மீட்டர் காட்டுவது நேர்மின்னோட்டத் தடை. கூம்பை இரு விரல்களால் சமமாக, மெல்ல அழுத்துங்கள். உரசும் ஓசை கேட்டால் சுருள் காந்தத்தில் இடிக்கிறது.

வ.உ.சி. துறைமுகத்தை அடுத்த ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடற்காற்றிலுள்ள உப்பும் ஈரமும் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏற்றும். கூம்பைச் சுற்றியுள்ள நுரைப்பஞ்சு வளையமும் ஈரத்தில் நாளடைவில் பொடிந்துவிடும். களிம்பைச் சுரண்டி எடுக்கலாம். பொடிந்த வளையத்தை மாற்றத்தான் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: வீட்டு மின்சாரத்தில் நேரடியாகச் செருகும் பெட்டியை நீங்களாகத் திறக்காதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆசிரியர் உடனிருக்க வேண்டும்.

தேறிய பெட்டி பள்ளிக் கணினிக்கு இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். தேறாததைக் குப்பையில் எறியவேண்டாம். பழைய சுற்றுகளின் பற்றாசில் ஈயம் உண்டு. மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடமே அதை ஒப்படையுங்கள்.