டிரஸ்ட்டுக்கு வாய் உண்டா?

சில வருஷங்களுக்கு முன், ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு திண்ணை. சின்ன அறக்கட்டளை ஒன்றின் டிரஸ்டிகள் ஐந்து பேர் கூடியிருந்தார்கள். கொள்ளிடத்தில் மணல் அள்ளுவதற்குக் கடுமையான சட்டம் வேண்டும் என்று ஒரு மனு தயார். கையெழுத்துப் போடத்தான் ஆளில்லை!

"வேண்டாம் ஸ்வாமி... அரசியல்னு சொல்லி வரிவிலக்கைப் பிடுங்கிட்டான்னா?" என்று பேனாவை மூடிவிட்டார் பொருளாளர். மனு மடிக்கப்பட்டு விசிறியானது.

இந்த பயத்துக்கு பதில் எப்போதோ கிடைத்தாயிற்று. அதுவும் மதராஸ் கேஸ் ஒன்றில்! ஆந்திரா சேம்பர் ஆஃப் காமர்ஸ் என்று ஒரு சங்கம். (பேர்தான் ஆந்திரா, ஜாகை மதராஸில்.) தொழில், வியாபாரத்தை வளர்ப்பது அதன் வேலை. கூடவே, வியாபாரத்தைப் பாதிக்கிற சட்டங்களை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ வற்புறுத்துவது என்றும் விதிகளில் ஒரு வரி. "ஆஹா, இது அரசியல்!" என்று பிடித்துக்கொண்டது வருமான வரித்துறை. சண்டை உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1964-ல் தீர்ப்பு: பிரதான நோக்கம் பொதுநன்மை, சட்டத்துக்காகக் குரல் கொடுப்பது அதற்குத் துணையாக வருவது. அதனால் வரிவிலக்கு போகாது.

ஆக, மனு கொடுக்கலாம். மந்திரியைப் பார்க்கலாம். டிரஸ்ட் பத்திரத்தில் உள்ள நோக்கத்துக்கும் மனுவுக்கும் சம்பந்தம் இருக்கணும், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் நடத்துகிற டிரஸ்ட், பள்ளிக்கூடச் சட்டம் பற்றிப் பேசாமல் வேறு யார் பேசுவதாம்?

ஆனால் கட்சிக்காரருக்கு மாலை போடுவது வேறு கதை. 2015 இடைத்தேர்தலில் ஸ்ரீரங்கமே கரைவேட்டி மயமாக இருந்தது. அந்த மாதிரி நேரத்தில் டிரஸ்ட் வேனை வேட்பாளருக்கு அனுப்பி, பெட்ரோல் பில்லை தர்மக் கணக்கில் எழுதினால் விலக்குக்கே வேட்டு. டிரஸ்டி தன் சொந்தக் காசில், சொந்தப் பெயரில் ஓட்டுக் கேட்டுக்கொள்ளட்டும். அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே எழுதினார்கள். 1954-ல், அப்போது செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தம் அது.

வெளிநாட்டுப் பணம் வாங்குகிறவர்களுக்கு இன்னும் இறுக்கம். 2011 விதிகளின்படி பந்த், ஹர்த்தால், சாலை மறியல், ரயில் மறியல், சிறை நிரப்புதல் ஆகியவற்றை வழக்கமாகக் கொண்ட அமைப்பு, பொதுக் காரியத்துக்காகவே செய்தாலும், அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்தப்படலாம். அப்புறம் வெளிநாட்டுக் காசு கிடையாது. 2012-ல் கூடங்குளம் போராட்டம் சூடாக இருந்தபோது, வெளிநாட்டுப் பணம் போராட்டத்துக்குப் போனதாகச் சொல்லி தமிழ்நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் சிலவற்றின் மேல் மத்திய அரசு பாய்ந்தது நினைவிருக்கலாம்.

'இன்சாஃப்' என்ற அமைப்பு இந்த விதிகளை எதிர்த்து வழக்குப் போட்டது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கட்சி அரசியலில் இறங்காமல் பொதுப் பிரச்னைக்காக மறியல் செய்கிற அமைப்பை இந்தக் காரணத்துக்காகத் தண்டிக்க முடியாது என்றது. அதே வருஷம் விதியும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. (அதற்காக திருச்சி ஜங்ஷன் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். ரயில்வே கேஸ் தனி!)

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. கணக்கு எழுதி, ஆடிட் செய்து, காலத்தில் ரிட்டர்ன் போட்டால், அரசியல் கட்சிகளுக்கே வருமான வரிவிலக்கு உண்டு. அவர்கள் யாரும் கையெழுத்துப் போட பயப்படுவதில்லை.